வேலைவாய்ப்பகக் கணக்கும் உதவித்தொகையும்: ஊட்டிக்கு ஒரே தடவை போய் முடிக்கும் வழி

முதலிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாந்து போகக் கூடாது. வேலையில்லாமல் காத்திருக்கும் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு கொடுக்கும் உதவித்தொகை பத்தாவது ஃபெயில் என்றால் மாதம் 200 ரூபாய், பாஸ் என்றால் 300, பன்னிரண்டாவதுக்கு 400, டிகிரிக்கு 600. மாதாமாதம் வராது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து பேங்கில் போடுவார்கள். அதுவும் மூன்று வருஷம்தான். பன்னிரண்டாவது படித்த ஒருவருக்கு முழுசாகக் கிடைத்தால் மொத்தம் 14,400 ரூபாய் ஆகிறது. பந்தலூரிலிருந்தோ சேரம்பாடியிலிருந்தோ கூடலூர் போய், நடுவட்டம் ஏறி, பைக்காரா தாண்டி, நம் நீலகிரி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கும் ஊட்டிக்கு நாலு தடவை போய் வந்தீர்கள் என்றால் முதல் தவணை பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடும். எதைப் போனிலேயே முடிக்கலாம், எதற்கு நேரில் போக வேண்டும், போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் ஒரே தடவையில் முடித்துவிடலாம்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே இதில் சறுக்கியவள். 2012-ல் பன்னிரண்டாவது முடித்தபோது பள்ளிக்கூடத்திலேயே எல்லோருக்கும் வேலைவாய்ப்பகப் பதிவு போட்டுக் கொடுத்தார்கள். அட்டையை வாங்கி அம்மாவின் இரும்புப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்ததோடு சரி. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று அட்டையிலேயே அச்சாகியிருந்தது, யார் படித்தார்கள்? பதிவில் கொடுத்திருந்த போன் நம்பரும் எங்களுடையது இல்லை, அப்போது எங்கள் எஸ்டேட் லைன் வீட்டு வரிசையில் போன் வைத்திருந்த ஒரே மாமாவுடையது. 2015-ல் காலாவதி ஆனதே 2016-ல்தான் தெரிந்தது. திரும்பப் புதிதாகப் பதிந்தேன், நாலு வருஷ சீனியாரிட்டி, அதாவது பதிவு மூப்பு, காற்றோடு போச்சு. உதவித்தொகைக்கு ஐந்து வருஷம் பதிவில் இருந்திருக்க வேண்டும் என்பதால் அந்தக் கணக்கும் மறுபடி சுழியிலிருந்து. 2017-ல் கிடைத்திருக்க வேண்டிய பணம் 2021-க்கு மேல்தான் வர ஆரம்பித்தது. அதிலிருந்து சொந்தக்காரப் பிள்ளைகள், பக்கத்து வரிசைப் பிள்ளைகள் எல்லோருடைய புதுப்பிப்பு மாதமும் என் போனில் இருக்கிறது.

இதில் ஒரே கணக்கை வைத்து இரண்டு வேலை நடக்கிறது, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று, வேலைவாய்ப்பகப் பதிவு. இது முழுக்க ஆன்லைன். பதிவது, புதுப்பிப்பது, படிப்பைச் சேர்ப்பது, அட்டையை பிரிண்ட் எடுப்பது எல்லாம் வீட்டிலிருந்தே. இன்னொன்று, அந்தப் பதிவை வைத்து வாங்கும் உதவித்தொகை. இதற்குப் படிவத்தை மட்டும் ஆன்லைனில் எடுக்கலாம், கையெழுத்து வாங்குவதும் கொடுப்பதும் காலால் நடந்துதான். பதிவுக் கணக்கு ஒழுங்காக இல்லாவிட்டால் இரண்டாவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, கணக்குக்குள் நுழைவோம்.

வெப்சைட் பெயர் டிஎன்வேலைவாய்ப்பு.ஜிஓவி.இன். இங்கிலீஷில் அடிக்கும்போதுதான் வம்பு. டி, என் அடித்துவிட்டு, வேலை என்பதற்கு வி-இ-எல்-ஏ-ஐ, வாய்ப்பு என்பதற்கு வி-ஏ-ஏ-ஐ-பி-பி-யு. 'வா'வுக்கு இரண்டு ஏ, 'ப்பு'வுக்கு இரண்டு பி. நடுவில் இடைவெளி கிடையாது. கூகுளில் தேடி முதலில் வருவதைத் தொடாதீர்கள், வேலைவாய்ப்புச் செய்தி போடும் தனியார் தளங்கள் நிறைய அதே மாதிரிப் பெயரில் இருக்கின்றன, அதில் போய் ஆதார் நம்பரும் போன் நம்பரும் கொடுத்துவிட்டு வந்து "அக்கா, பதிஞ்சாச்சு" என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. முடிவில் ஜிஓவி டாட் இன் இருக்கிறதா என்று பாருங்கள், பார்த்த பிறகு போனில் புக்மார்க் போட்டுவிடுங்கள். இந்தப் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள். டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவு வேறு, அதற்குக் கட்டணம் உண்டு. தனியார் வேலைக்கு அரசே நடத்தும் டிஎன்பிரைவேட்ஜாப்ஸ் தளமும் வேறு, அதற்குத் தனிக் கணக்கு. மூன்றையும் ஒன்று என்று நினைத்து ஒன்றின் பாஸ்வேர்டை இன்னொன்றில் போட்டு முட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

பள்ளியில் பதிந்தவர்களுக்குத் தனியாக பயனர் பெயர் எதுவும் கொடுத்திருக்க மாட்டார்கள். அட்டையில் இருக்கும் பதிவு எண்தான் பயனர் பெயர். மாவட்டத்தைக் குறிக்கும் மூன்று இங்கிலீஷ் எழுத்து, பதிந்த வருஷம் நாலு இலக்கம், ஆண் என்றால் எம், பெண் என்றால் எஃப், அப்புறம் எட்டு இலக்க எண். அந்த எட்டு இலக்கத்தில்தான் பாதிப் பேர் தோற்பது. பழைய அட்டையில் 7502 என்று மட்டும் இருந்தால் அதற்கு முன்னால் நாலு பூஜ்ஜியம் சேர்த்து எட்டாக்க வேண்டும். பூஜ்ஜியத்துக்குப் பதில் ஓ எழுத்தைப் போட்டால் எத்தனை தடவை அடித்தாலும் உள்ளே விடாது, "சைட் வேலை செய்யல" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முதல் பாஸ்வேர்டு பிறந்த தேதி: நாள், மாதம் இரண்டு இரண்டு இலக்கம், வருஷம் நாலு இலக்கம், இடையில் சாய்கோடு. இங்கே பிறந்த தேதி என்றால் பதிவில் இருக்கும் தேதி, வீட்டில் கொண்டாடும் தேதி இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி எங்கள் பக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் காரியம் அந்த பாஸ்வேர்டை மாற்றுவது. உங்கள் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் தெரிந்த யார் வேண்டுமானாலும் உள்ளே போய்விடலாம் என்றால் அது பூட்டே இல்லை. மாற்றிய பாஸ்வேர்டை எங்கே எழுதி வைப்பது? ரேஷன் கார்டு உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள், கம்ப்யூட்டர் வல்லுநர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ரேஷன் கார்டைத் தொலைக்கிற வீடு நம் பக்கம் கிடையாது. பிரவுசிங் கடையில் போய் செய்தீர்கள் என்றால் கடைக்காரர் தன் போன் நம்பரையோ தன் மெயிலையோ போட விடாதீர்கள். வேகமாக முடிக்க வேண்டும் என்றுதான் போடுவார்கள், கெட்ட எண்ணம் இருக்காது, ஆனால் மூன்று வருஷம் கழித்து அந்தக் கடை இருக்குமா, அவர் அந்த நம்பரை வைத்திருப்பாரா? கணக்கு உங்களுடையது என்றால் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும். வெளியே வரும்போது லாக் அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

அடுத்து விவரங்களைப் பாருங்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, வகுப்பு, முகவரி, போன், படிப்பு. ஒவ்வொன்றும் மார்க் ஷீட்டோடு ஒத்துப்போக வேண்டும். இங்கே தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த தாத்தா பாட்டியின் பெயர் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரி, அப்பாவின் பெயர் எஸ்டேட் பதிவில் ஒரு மாதிரி, பள்ளியில் வேறு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி. இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று புரியும், பேங்க் கம்ப்யூட்டருக்குப் புரியாது. எதைத் திருத்துவது என்று கேட்டால், மார்க் ஷீட்டை விட்டுவிடுங்கள், அதைத் திருத்துவது பெரிய வேலை. ஆதாரையும் பேங்க் பாஸ் புத்தகத்தையும் மார்க் ஷீட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். வேலைவாய்ப்பகப் பதிவிலேயே பெயரோ தேதியோ தப்பாக இருந்தால் அது ஊட்டிக்குப் போகும் அந்த ஒரு தடவையில் அசல் சான்றிதழைக் காட்டிச் சரிசெய்ய வேண்டியது, இப்போதே ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

டிகிரி முடித்தவர்கள் அதை உடனே சேர்த்துவிடுங்கள். பன்னிரண்டாவது பதிவு இருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள், ஒவ்வொரு படிப்புக்கும் சீனியாரிட்டி அதைப் பதிந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். 2019-ல் முடித்த பி.காமை 2023-ல் பதிந்தால் அந்த நாலு வருஷத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். முதுகலை, இன்ஜினியரிங் மாதிரிப் படிப்புகள் மாவட்ட அலுவலகத்தில் இல்லாமல் சென்னை, மதுரையில் இருக்கும் தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் கீழ் போகும்.

இப்போது புதுப்பிப்பு, இதைத்தான் நான் நிறைய சொல்ல வேண்டும். அட்டையில் புதுப்பிக்க வேண்டிய மாதமும் வருஷமும் இருக்கும். அந்த மாதமும் அதற்கடுத்த இரண்டு மாதமும் உங்கள் கையில். 2016 ஜூலையில் பதிந்தவர் 2019 ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பருக்குள் உள்ளே போய்ப் புதுப்பித்துவிட வேண்டும், அடுத்தது 2022 ஜூலை. உள்ளே நுழைந்து புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிஷ வேலை. புதிய தேதியோடு அட்டை வருகிறதா என்று பார்த்து, அதை சேமித்து, ஒரு ஸ்க்ரீன் ஷாட்டும் எடுத்து, உங்கள் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். பிரிண்ட் எடுத்தால் இன்னும் நல்லது. பொத்தானை அழுத்திவிட்டு, சுற்றிக்கொண்டே இருக்கிறது, சரி ஆகியிருக்கும் என்று மூடிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவாலா பக்கம் ஜூன், ஜூலை மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் டவரும் சேர்ந்து போகும், பாதியில் நின்றது முடிந்ததா இல்லையா என்று நமக்குத் தெரியாது. மறுநாள் திரும்ப உள்ளே போய்ப் பாருங்கள். விடியற்காலையில் ஐந்தரை, ஆறு மணிக்குச் செய்தால் சைட்டும் வேகம், நெட்டும் வேகம், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகுமுன் முடித்துவிடலாம்.

மூன்றாவது மாதமும் தாண்டிவிட்டதா? எப்போதாவது அரசு சலுகை ஆணை போடும். 2017, 2018, 2019-ல் தவறவிட்டவர்களுக்கு 2021-ல் அப்படி ஒன்று வந்து, சிலர் பழைய சீனியாரிட்டியைத் திரும்பப் பிடித்தார்கள். ஆனால் அடுத்தது எப்போது, எந்த வருஷத்துக்கு என்பது வந்தால்தான் உண்டு. அதை நம்பிப் பதியாமல் காத்திருக்காதீர்கள், உடனே புதிதாகப் பதிந்து ஐந்து வருஷக் கணக்கைத் துவங்குங்கள். பழைய அட்டையைக் கிழித்துப் போட வேண்டாம், சலுகை வந்தால் அதைத்தான் கேட்பார்கள்.

உதவித்தொகை யாருக்கு

ஐந்து வருஷம் இடைவிடாமல் பதிவில் இருக்க வேண்டும். வயது 40-க்குள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 45-க்குள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள். ரெகுலர் காலேஜில் படித்துக்கொண்டிருக்கக் கூடாது, தபால் வழியில் படிக்கலாம். சம்பளம் வாங்கும் வேலையோ சுயதொழிலோ இருக்கக் கூடாது. இன்ஜினியரிங், மருத்துவம், விவசாயம், சட்டம் மாதிரித் தொழில் படிப்புப் பட்டதாரிகளுக்கு இது கிடையாது. ஏற்கெனவே மூன்று வருஷம் வாங்கி முடித்தவருக்கும் மறுபடி கிடையாது.

மாற்றுத்திறனாளிகளுக்கு விதி முழுக்க வேறு, இதைப் பலர் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். பதிந்து ஒரு வருஷம் ஆனால் போதும். வயது வரம்பு இல்லை, வருமான வரம்பு இல்லை. பத்தாவது வரை 600, பன்னிரண்டாவதுக்கு 750, டிகிரிக்கு 1,000, பத்து வருஷத்துக்கு. உங்கள் வீட்டில், தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு முதலில் அவருக்கு பதிவு போட்டுக் கொடுங்கள்.

72,000 என்ற வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. வருஷத்துக்கு 72,000 என்றால் மாதம் 6,000. எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளியாக இருக்கும் அம்மாவின் தினக்கூலியை 26 நாளால் பெருக்கிப் பாருங்கள், ஒருத்தர் சம்பளத்திலேயே வரம்பு தாண்டிவிடும். லைன் வீட்டில் இருக்கும் குடும்பம் வசதியான குடும்பமாகிவிடுகிற அதிசயம் இந்தப் படிவத்தில்தான் நடக்கும். என்னைக் கேட்டால் இந்த வரம்பை எப்போதோ உயர்த்தியிருக்க வேண்டும். அதற்காக வருமானத்தைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வருஷா வருஷம் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போடப் போவது நீங்கள்தான், எழுதித் தந்தவர் இல்லை. பெற்றோர் ஓய்வு பெற்றுவிட்ட வீடு, ஆள் குறைப்பில் வேலை போன வீடு, கால் ஏக்கர் அரை ஏக்கர் பச்சைத் தேயிலையை நம்பி இருக்கும் வீடு, இவர்களுக்கு வரம்புக்குள் வர வாய்ப்பு உண்டு. உண்மையான கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அலையுங்கள்.

எல்லையோரத்துக்காரர்களுக்கு இன்னொரு கண்ணி. பள்ளிப் படிப்பைத் தமிழ்நாட்டில் முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 15 வருஷம் தமிழ்நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும். எருமாடு, தாளூர் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் சுல்தான் பத்தேரியில் படித்தவர்கள், வீடு இந்தப் பக்கம், பள்ளி அந்தப் பக்கம். அவர்கள் இருப்பிடச் சான்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு போனால், "நீங்க கேரளாவுல படிச்சவங்களாச்சே" என்ற பேச்சு வரும்போது நீட்டலாம்.

காகிதமும் கையெழுத்தும்

படிவத்தை வெப்சைட்டிலிருந்து எடுக்கலாம், அலுவலகத்திலும் இலவசமாகக் கொடுப்பார்கள். ஊட்டிக்குப் போய் படிவம் வாங்கி வந்து, கீழே கையெழுத்து வாங்கி, திரும்ப மேலே போய்க் கொடுப்பதுதான் இரண்டு பயணமாகிறது, அதனால் பிரிண்டே எடுத்துவிடுங்கள். இரண்டு பிரதி எடுங்கள், முதல் பிரதியில் அடித்தல் திருத்தல் வராமல் எழுதுகிறவர் நம்மில் யாரும் இல்லை.

படிவத்திலேயே வருமானத்தைப் பற்றி வருவாய்த்துறையின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். முதலில் விஏஓவிடம், அப்புறம் ஆர்ஐ எனும் வருவாய் ஆய்வாளரிடம். இது சொந்த ஊர்ப் பக்கம் நடக்கிற வேலை, ஆனால் நாள் எடுக்கும். ஒரு விஏஓவுக்கு இரண்டு மூன்று கிராமம் பொறுப்பு இருக்கலாம், இன்றைக்கு வெள்ளச் சேதக் கணக்கு, நாளைக்கு ஜமாபந்தி என்று போய்விடுவார். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். கையோடு ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், இரண்டு போட்டோ. இ-சேவை மையத்தில் வருமானச் சான்று தனியாக எடுத்து வைத்திருந்தால் கையெழுத்துப் போடுகிறவருக்கும் சுலபம், கட்டணம் 60 ரூபாய். கையெழுத்து மட்டும் இருந்து முத்திரை இல்லாமல் வந்துவிட்டால் அந்தத் தாள் ஊட்டியில் செல்லாது, அங்கேயே நின்று சரிபாருங்கள்.

ஊட்டிக்குப் போகும் நாளுக்குப் பை தயாராக இருக்கட்டும்: மார்க் ஷீட்டுகள் அசல், டிசி அசல், வேலைவாய்ப்பக அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்று, பேங்க் பாஸ் புத்தகம். எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ். காலேஜில் டிசி கொடுத்துவிட்டு அங்கேயே விட்டவர்கள் முதலில் அதைப் போய் வாங்குங்கள், டிசி இல்லாமல் நீங்கள் இப்போது படித்துக்கொண்டில்லை என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? அசலைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், நகலைத்தான் வைத்துக்கொள்வார்கள். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள், அந்தக் கவர் இன்னொரு கவருக்குள், நடுவட்டத்தில் பஸ் ஜன்னல் எப்போது ஒழுகும் என்று சொல்ல முடியாது.

நாள் பார்த்துப் போவதும் முக்கியம். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் முடியும் காலாண்டை வைத்துத்தான் விண்ணப்பத்தை எடுப்பார்கள், கடைசி வாரம் கூட்டம் நிற்கும். நடுக் காலாண்டில், செவ்வாய் புதன் மாதிரி நாளில், முதல் பஸ் பிடித்து பதினொரு மணிக்குள் போய்ச் சேருங்கள். சீசன் மாதமான மே மாதத்தை விட்டுவிடுங்கள், மலை ரோட்டில் டூரிஸ்ட் வண்டிக்குப் பின்னால் நின்றே பாதி நாள் போய்விடும். கொடுத்ததற்கு ஒப்புகையோ எண்ணோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மேசையில் கொடுத்தோம், என்ன தேதி என்பதையும் போனில் எழுதி வையுங்கள்.

பணம் வராமல் போவது பெரும்பாலும் பேங்க் பக்கத்தில்தான். பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்குத் திறந்த கணக்கைக் கொடுத்துவிட்டு, அது இரண்டு வருஷத்துக்கு மேல் தொடாமல் கிடந்து முடங்கிப்போனதே தெரியாமல் இருப்பார்கள். விண்ணப்பிக்கும் முன் பேங்குக்குப் போய் ஒரு நூறு ரூபாய் போட்டு எடுத்து, ஆதார் கொடுத்து, பாஸ் புத்தகத்தைப் பதிவு போட்டு வாங்குங்கள். பழைய பாஸ் புத்தகத்தில் சிண்டிகேட் பேங்க் என்று இருந்தால் அது 2020 ஏப்ரலிலேயே கனரா பேங்கோடு சேர்ந்துவிட்டது, பழைய ஐஎஃப்எஸ்சி இப்போது செல்லாது. விஜயா, ஆந்திரா, கார்ப்பரேஷன், அலகாபாத் எல்லாவற்றுக்கும் இதே கதை. புது பாஸ் புத்தகம் வாங்கி அதன் நகலைக் கொடுங்கள். அம்மா பேரில், அண்ணன் பேரில் இருக்கும் கணக்கு உதவாது, உங்கள் பேரிலேயே இருக்க வேண்டும்.

பணம் வர ஆரம்பித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும், இன்னும் வேலை கிடைக்கவில்லை, வருமானம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று. கொடுக்காவிட்டால் யாரும் வீடு தேடி வந்து கேட்க மாட்டார்கள், அடுத்த தவணை வராது, அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்குள் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய மாதமும் நடுவில் வந்தே தீரும், அதை விட்டால் அதோடு உதவித்தொகையும் போகும். வேலை கிடைத்துவிட்டால் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள், உதவித்தொகை வாங்கியதால் உங்கள் சீனியாரிட்டிக்கு ஒரு குறையும் வராது.

நடுவில் யாராவது போன் செய்து, "உங்க உதவித்தொகை வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்று கேட்டால் பேச்சை வளர்க்காமல் வையுங்கள். அலுவலகத்திலிருந்து ஓடிபி கேட்டு யாரும் கூப்பிட மாட்டார்கள். ஏமாந்து சொல்லிவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அடியுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் பணத்தைப் பிடித்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

வேலை செய்துகொண்டிருந்து திடீரென்று வேலை போனவர்களுக்கு வேறு ஒன்று உண்டு, அது மத்திய அரசின் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. வழியாக. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர், வாயில் நுழையாது. சராசரி தினச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை கொடுப்பார்கள், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. இரண்டு வருஷமாவது ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். தப்பு செய்து நீக்கப்பட்டவர்களுக்கும் தாமாக ஓய்வு வாங்கியவர்களுக்கும் கிடையாது. திட்டத்தை அவ்வப்போது நீட்டித்துக்கொண்டு போகிறார்கள், விண்ணப்பிக்கும் முன் ஈ.எஸ்.ஐ. தளத்தில் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆனால் நம் மலைக்கு இது பாதிதான் உதவும். எஸ்டேட் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை, தேயிலைத் தொழிற்சாலையும் அந்தச் சட்டத்தில் பருவகாலத் தொழிற்சாலை என்ற கணக்கில் விடுபட்டுப் போகிறது. வருஷம் முழுக்க ஓடுகிற தொழிற்சாலை எப்படிப் பருவகாலம் ஆகும் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஊட்டி, குன்னூர் ஹோட்டல், ரிசார்ட், பெரிய கடைகளில் இருந்தவர்கள் சம்பளச் சீட்டை எடுத்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அந்த நம்பரை வைத்து ஈ.எஸ்.ஐ. தளத்தில் உள்ளே போகலாம்.

எனக்கு உதவித்தொகை 2024-ல் முடிந்தது. பணம் நின்ற பிறகும் பதிவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதைப் புதுப்பிப்பதை நிறுத்தவில்லை. அடுத்தது 2028 ஜூலை. அந்த மாதம் எங்கள் பக்கம் கரண்ட் இருப்பது சந்தேகம், ஆகஸ்ட்டும் அப்படித்தான், செப்டம்பர் வரை நாள் கொடுத்திருப்பது பந்தலூர் மழையைப் பார்த்த யாரோ போட்ட விதி மாதிரி இருக்கிறது. போனில் அலாரம் மூன்று மாதத்துக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறேன்.